பச்சைப் புள்ளி

கானா நாட்டில், சுன்யானி நகரத்து ஆஸ்பத்திரியில் கொனாடுவிடம் டாக்டர்கள்கூடக் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள். யாருடைய கணக்கைக் கணினியில் திறப்பது, யாருடையதை மூடுவது என்பது அவள் கையில் இருந்தது. வேலையை விட்டவர் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் கணக்கு மூடியிருக்கும். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

"கொனாடுகிட்ட 'போயிட்டு வரேன்'னு சொல்லிடாதீங்கப்பா, கையோட மூடிடுவா" என்று நர்சுகள் கேலி பேசுவார்கள். அவளும் கூடச் சிரிப்பாள்.

கணக்கு திறந்திருந்தால் திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. மூடினால் அது சாம்பல் நிறமாகிவிடும். மருந்தகத்தில் வேலை பார்த்த செர்வா அம்மா, காலையில் வந்ததும் மகள் பொவாத்தெமாவின் பெயரைத் தேடுவார். மகள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். "என் புள்ள இருக்கா" என்று பக்கத்தில் இருப்பவருக்குப் பச்சையைக் காட்டிவிட்டுத்தான் மாத்திரைப் பெட்டியைத் தொடுவார்.

பயிற்சிக்காகக் குமாசி நகரத்துக்குப் போன பொவாத்தெமா, வழியில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனாள். அவள் கணவன் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டான். பெற்றவளிடம் சொல்லவில்லை. அந்த ஊர் வழக்கப்படி சொல்வது அவன் உரிமையும் அல்ல. செர்வாவின் அண்ணன்தான் குடும்பத் தலைவர். அவர் ஊரிலிருந்து பெரியவர்களோடு வந்து, தங்கையை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துச் சொல்ல வேண்டும். மறுநாள்தான் வந்து சேர முடியும் என்றார். அதுவரை தெரிந்தவர்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

கணினிப் பிரிவின் தலைவர் ஒஃபோசு கொனாடுவிடம் வந்து நின்றார்.

"என்ன, இன்னுமா மூடலை? அவ பாஸ்வேர்டு பாதி வார்டுக்குத் தெரியும். எவனாவது அவ பேர்ல மயக்க ஊசியை எடுத்துட்டா யாரு பதில் சொல்றது?"

"பாஸ்வேர்டை மாத்தியாச்சு சார். மருந்து எடுக்கிற அனுமதியையும் எடுத்துட்டேன். அந்தப் பேர்ல துளி பஞ்சுகூட வாங்க முடியாது."

"அப்புறம் பச்சை எதுக்கு? மூடிட வேண்டியதுதானே?"

"அந்தம்மா தினம் பாக்கிறாங்க சார். உங்க வீட்டுச் சாவுன்னா, தாய்மாமா வர்றதுக்கு முன்னாடி மெஷினை விட்டுச் சொல்லச் சொல்வீங்களா?"

ஒஃபோசுவும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாரே தவிர, மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் காலை கொனாடு மருந்தகம் பக்கம் போனாள். செர்வா அம்மா திரையைக் காட்டி, "என் புள்ள இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தான் செய்தது இரக்கமா ஏமாற்றா என்று கொனாடுவுக்கே தெரியவில்லை. அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மதியம் அண்ணன் வந்து தங்கையை வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அடக்கம் முடிந்த பிறகு, கறுப்புத் துணியில் செர்வா அம்மா அண்ணனோடு கொனாடுவின் அறைக்கு வந்தார். கொனாடு இருவரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, வந்தவர்களிடம் கேட்கும் வழக்கப்படி கேட்டாள்.

"இங்க எல்லாம் நல்லபடியா இருக்கும்மா. நீங்க வந்த சேதி சொல்லுங்க."

அண்ணன் தொண்டையைச் செருமினார். செர்வா அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நானே சொல்றேன். என் மக பொவாத்தெமா இறந்துட்டா. அவ வேலை பாத்த இடத்துக்கு முறையா சொல்லிட்டுப் போக வந்தோம்."

முறைப்படி சேதி வந்துவிட்டது. கொனாடு அந்தப் பெயரைத் திறந்து, மூடும் பொத்தானை அழுத்தினாள். 'இந்தக் கணக்கை மூட வேண்டுமா? நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. எப்போதும் கேட்பதுதான். இத்தனை வருடத்தில் அவள் அதற்காக ஒரு முறைகூடத் தயங்கியதில்லை. இன்று விரல் எழவில்லை.

செர்வா அம்மா எழுந்து வந்து, குனிந்து அதைப் படித்தார்.

"பாவம், இதுகிட்ட இன்னும் யாரும் சொல்லலை போல" என்று சொல்லி, 'ஆம்' என்பதை அவரே அழுத்தினார்.