கேட்பாரற்ற பகுதி

பதில் வராத அறையில் ஆள் இல்லை என்று எதை வைத்து முடிவு செய்வது?

கூட்ட அறையின் விளக்கை அணைக்கும் முன் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார் அந்தப் பெண்மணி. உள்ளே நாற்காலிகள் மட்டும் இருப்பது கண்ணுக்கே தெரியும். ஆனாலும் கேட்டு, கொஞ்சம் காத்திருந்த பிறகுதான் விரல் சுவிட்சுக்குப் போகும். வீட்டிலும் இதே கதை. "ஆமா, நான் பீரோவுக்குள்ள இருக்கேன்" என்று சமையலறையிலிருந்து கணவர் குரல் கொடுப்பார். இவர் போய்ப் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வருவார்.

அலுவலகத்தில் இவருக்குத் தாலாட்டு என்று பெயர். நோயாளியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, நாடித்துடிப்பைத் திரையில் காட்டும் சிறு பெட்டியை அங்கே உருவாக்குகிறார்கள். அதன் மூளையான செயலியைத் தூங்கவைப்பது இவர் வேலை. வேலை இல்லாத கணங்களில் அதைக் கண்ணயர விடலாம், ஆழ்ந்தும் உறங்க விடலாம். ஆழ்ந்து உறங்கினால் பேட்டரி மிச்சம், எழுந்திருக்கத்தான் நேரமாகும். அடுத்த வேலை எப்போது வரும் என்று ஊகித்துத்தான் உறக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "தூங்க வைக்கிறது யாரு வேணா செய்யலாம். எழுந்திருக்கணுமே" என்பார்.

கெட்டிக்காரர் என்று சொல்லலாம். ஆனால் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கேயே உண்டு. பயப்படுவதில்தான் அவருக்கு இணை இல்லை. எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு காரணம் எழுதிவைப்பார். மற்றவர்கள் எழுதாவிட்டால் விடமாட்டார். "என்னன்னு எனக்கே தெரியுது. ஏன்னு சொல்லுங்க."

செயலி உட்கார்ந்திருக்கும் சில்லு ஒரு வீடு மாதிரி. அறைக்கு அறை தனி மின்சாரம். பெட்டி விழித்தெழுந்ததும் இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் ஒரு சுற்று வரும். எனக்கு வேண்டும் என்று எந்த நிரலும் சொல்லாத அறைகளைக் கேட்பாரற்ற பகுதி என்று கணக்கில் கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அந்தச் சுற்றைச் சேர்த்தவர் தாலாட்டுதான். ஒரு ஷிப்ட் முழுக்கப் பேட்டரி தாங்கியது அதனால்தான்.

ஒரு பிற்பகல், பெட்டிகளைச் சோதிப்பவர் கிளிப்பை மாட்டிக்கொண்டு கதையளந்துகொண்டிருந்தார். காது அரித்தது. விரலை உருவிச் சொறிந்துகொண்டார். திரையில் எழுபத்திரண்டு. விரல் காதில் இருந்தது. திரையில் அப்போதும் எழுபத்திரண்டு.

"அக்கா, இங்க வாங்க. நான் செத்தாலும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லும்போல இது."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். தாலாட்டு வந்து பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். செயலி உறைந்திருந்தது. உறைந்ததை உலுக்கி எழுப்ப ஒரு காவல் கடிகாரம் உண்டு, அதுவும் நின்றுபோயிருந்தது. செத்துத் தொலைந்திருந்தாலாவது திரை கறுத்திருக்கும், யாராவது ஓடிவந்திருப்பார்கள். இதுவோ கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒளிர்ந்தது.

அதன்பின் தலைகீழாக நின்று பார்த்தும் அந்த உறைவு திரும்ப வரவில்லை. தன் சுற்று அணைத்த அறை எதிலாவது அந்தக் கடிகாரம் மாட்டிக்கொண்டதோ என்று தாலாட்டு ஒவ்வோர் அறையாகத் திறந்து மூடிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கணக்குக் கிடைத்தது, ஒன்றைத் தவிர. சில்லின் ஆவணத்தில் அதற்குப் பெயரே இல்லை. செய்தவர்களைக் கேட்டால், அங்கே எதுவும் இல்லை என்றார்கள்.

"எதுவும் இல்லைன்னா எதுக்குங்க சுவிட்ச் வெச்சீங்க?"

ஞாயிறு மதியம் கணவர் சோபாவில் கண்ணயர்ந்தால் தோளைத் தொட்டு, "இருக்கீங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்.

"இருக்கேன்மா. தூங்க விடு."

வார்டுகளுக்குப் பெட்டிகளை அனுப்பும் நேரம் நெருங்கியது. மேலாளர் வந்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவை வந்துச்சு. அப்புறம் வரவே இல்ல. பேய்க்குப் பயந்து வீடு பூரா லைட் போட்டு வெப்பீங்களா?"

"வரலைன்னா போயிடுச்சுன்னு அர்த்தமா சார்?"

"எல்லாத்தையும் எரிய விட்டா ஷிப்ட் முடியறதுக்குள்ள பேட்டரி படுத்துடும். ஒரு ஷிப்ட் தாங்கலைன்னா பெட்டியே வேண்டாம்னு திருப்பிடுவாங்க. உங்க சுற்று, உங்க முடிவு." எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நிரல் சோதிப்பவருக்கு வந்தது. கேட்பாரற்ற பகுதிகள் எல்லாம் வழக்கம்போல் அணைக்கப்பட்டிருந்தன. பெயரில்லாத அந்த ஒன்று மட்டும் எரிய விடப்பட்டிருந்தது. மற்ற வரிகளின் பக்கத்தில் காரணம் இருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் வெற்றிடம்.

"ஏன்னு எழுதலையே அக்கா? அதுல யாரு இருக்கா?"

தாலாட்டு கிளிப்பை எடுத்துத் தன் விரலில் மாட்டினார். எண் வந்தது. விரலை உருவினார். எண் மறைந்து கோடு விழும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் மாட்டினார்.