மேல்மாடியை அளந்தவர்கள்

பேய், ஜின் என்று யாராவது ஆரம்பித்தால் சாயா போடுகிறேன் என்று அடுப்படிக்கு எழுந்து போய்விடுகிற ஆள் நான். தோப்பும்படியில் தையல் கடை வைத்திருக்கிறேன், துணியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நானும் என் வீட்டுக்காரர் காசிமும் கடையநல்லூரிலிருந்து இங்கே வந்து, அவர் ஆட்டோவும் நான் தையலுமாகச் சேர்த்ததை வைத்து ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று கிளம்பினோம். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனுக்குப் பின்னால் பழைய மாடி வீடு. “டூரிஸ்டுக்குக் கொடுத்தா மாசத் தவணை அதிலேயே அடஞ்சுபோகும் இத்தா” என்றார் மலையாளி புரோக்கர் பைஜு; இங்கே முஸ்லிம் அக்காமாரை இத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். விற்கிறவர் துபாயில், பவர் பத்திரம் வேறு யாரோ கையில். ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு பொது. கட்டடம் பழசு என்று வங்கியும் பாதிக் கடனுக்கு மேல் அசையவில்லை. எல்லாம் தெரிந்தும் ஆசை விடவில்லை. என் நகையை விற்று அட்வான்ஸ் கொடுத்தோம்.

பத்திரப் பதிவுக்கு முன்னால், அதுவரை பார்க்காத மேல்மாடியையும் சேர்த்துக் கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்று போனோம். மத்தியானம்தான், ஆனால் மழையில் வீடு இருட்டிக் கிடந்தது. காசிமும் பைஜுவும் பின்பக்கம் கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போனார்கள். நான் கூடத்தில் தனியாக நின்றேன். அப்போதுதான் மேலே டேப்பை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது.

“ரெண்டு கட்டில் தாராளமாப் போடலாம்” என்றது ஒரு பெண் குரல். நம்ம ஊர்த் தமிழ்.

“ஏசி வைக்கணும்னா இந்த ஜன்னலை அடைக்கணும்” என்றது ஆண் குரல்.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எங்களிடம் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு வேறொரு பார்ட்டிக்கும் வீட்டைக் காட்டுகிறானே இந்த பைஜு என்று விறுவிறுவென மரப்படியில் ஏறினேன். பாதியில் மேலே பேச்சு தணிந்தது.

“மெல்லப் பேசுங்க. கீழயிருந்து ஒரு பொம்பளை ஏறி வருது.”

“யாரு?”

“வாங்க வந்தவதான். பாவம், அட்வான்ஸ் கொடுத்திருப்பா.”

கடைசிப் படிக்கு வந்த பிறகுதான் கதவைப் பார்த்தேன். வெளியிலிருந்து பூட்டியிருந்தது, பூட்டில் துரு. கால் அங்கேயே நின்றுவிட்டது. கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம், சரியாக என் காதுக்கு நேரே, ஒரு மூச்சுச் சத்தம். பிறகு அதே பெண், ரகசியமாக:

“கதவுகிட்டயே நிக்கிறா.”

“என்னங்க!” என்று கத்தியது எனக்கே வேறு யாரோ கத்தியது போலிருந்தது. காசிமும் பைஜுவும் ஓடி வந்தார்கள். “மேலே ஆரும் இல்லா இத்தா, தாக்கோல் என் கையிலல்லே இருக்கு” என்று சொல்லிக்கொண்டே பைஜு சாவியைப் போட்டு மல்லுக்கட்டித் திறந்தார். நம்பினால் நம்புங்கள், தரையில் மாவு கொட்டியது போலத் தூசி, அதில் ஒரு காலடிகூட இல்லை. இருந்த ஒரே ஜன்னலையும் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

“எலியைப் பார்த்துட்டியா?” என்றார் காசிம். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா ரஹ்மத்? அட்வான்ஸ் போயிடும்!” என்று குதித்தார். பவர் பத்திரம், பொதுச் சுவர், வங்கிக் கடன் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எல்லாம் உண்மைதான், ஆனால் எதுவும் என் காரணமில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, கடைசியில் அவரும் இறங்கி வந்தார்.

அப்புறம் தோப்பும்படியிலேயே ஒரு சின்ன ஓட்டு வீடு வாங்கினோம். மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்கிற குடும்பம் குடியிருக்கிறது, வாடகை ஒழுங்காக வருகிறது. குறையொன்றுமில்லை. ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பின்வாங்குகிறோம் என்று சொன்னபோது பைஜு சண்டைக்கு வரவில்லை. பேரம்கூடப் பேசாமல் அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். காசிம் ஆட்டோவை எடுக்கப் போனதும் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

“இத்தா, அவங்க இன்னும் அளந்து முடிக்கலையா?”

அந்தச் சத்தத்தைப் பற்றி அதுவரை நான் காசிமிடம்கூட வாய் திறக்கவில்லை.