வாசுதேவன் அண்ணையின் மூன்றாவது சுற்று

சப்பாத்தைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் செருகி, தேவாலய வாசற்படியின் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வாசுதேவன் அண்ணை நடக்கத் தொடங்குவார். புல்லில் பனி உறைந்து கிடந்தாலும் இதில் மாற்றமில்லை. கட்டடம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி மூன்று சுற்று. சுற்றி முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார். அவருடைய வான் வண்டி தீப்பற்றி எரிகிறது என்று சொன்னாலும் மூன்றாவது சுற்றை முடித்துவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்பார்.

ஆள் பிளம்பர். வீடு தென் லண்டனில், நோர்பரியில். அந்தப் பக்கத்துத் தமிழர் பாதிப்பேரின் பொயிலர் இவர் கைபட்டுத்தான் சூடாகிறது, என்னுடையதும் சேர்த்து. வேலைக்கென்று லண்டனின் விளிம்புக்குப் போனால், திரும்பும் வழியில் ஏதாவது கிராமத்துத் தேவாலயத்தின் முன் வானை நிறுத்திவிடுவார். எழுநூறு எண்ணூறு வருடப் பழையதாக இருக்க வேண்டும். விக்ரோறியா மகாராணி காலத்துக் கட்டடம் என்றால் முகத்தைச் சுளிப்பார். "உது நேற்றுக் கட்டினது, தம்பி."

செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி மட்டுமே சாப்பிடும் மனிதருக்கு அங்கே என்ன வேலை என்று அவருடைய மனைவி ஜெயகௌரி அக்காவே சண்டை பிடித்திருக்கிறார். "இத்தினை காலமாச் சனம் வந்து அழுத இடம். சும்மா இருக்குமே? ஆற்ர சாமியெண்டு விசாரிச்சுக்கொண்டு நிக்கிறதே?" என்பது அண்ணையின் பதில். ஆனால் சுற்றும்போது அவர் பார்வை முழுதும் கூரையில்தான். மழைத் தண்ணீர் எந்த மூலையால் இறங்குகிறது, எந்தப் பீலி வழியாகக் கீழே வருகிறது என்று நின்று நின்று அண்ணாந்து பார்ப்பார். பக்தி எவ்வளவு, தொழில் எவ்வளவு என்று பிரிக்க அவராலேயே முடியாது.

பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த பிறகு ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். குரோய்டனில் ஹோம் ஒபிஸ் என்ற குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடத்தின் முன் மழையில் வரிசை நின்றவர். அகதி மனு இரண்டு தடவை மறுக்கப்பட்டு மூன்றாம் தடவை தப்பியவர். குடியுரிமைக்கு நன்னடத்தை பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லிவைக்க, அன்று பிடித்தது பயம். வெறும் வீதியிலும் பச்சை விளக்கு வரும்வரை கடக்கமாட்டார். கடையில் திராட்சை புளிக்கிறதா என்று ஒன்றை வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கமும் போயிற்று. வானை ஓட்டும் வேகத்தைப் பார்த்துச் சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டு முந்துவார்கள். "நான் இப்ப குட் கரக்டர், தம்பி. மூச்சையும் பாத்துத்தான் விடுறன். உந்தப் பாஸ்போட் கைக்கு வந்தால்தான் ஒருத்தரும் என்னைத் திருப்பி அனுப்பேலாது."

இப்படி ஒருவரைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நானும் வானில் தொற்றிக்கொண்டேன்.

காலையில் கோலியர்ஸ் வுட்டில், துசியந்தி என்ற பெண் புதிதாக வாங்கியிருந்த பழைய வீட்டில் வேலை. தரைக்கடியில் கிடந்த பழங்கால ஈயக் குழாய்களைப் பிடுங்கி எடுத்துவிட்டுப் புதியவை பூட்டினார். ஈயத்தைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, திங்கட்கிழமை முறைப்படி ஒப்படைக்க வேண்டும் என்று சாக்கில் சுற்றி வானில் ஏற்றினார். அதற்குப் பிறகு குரோய்டனுக்கு அப்பால் ஒரு ரேடியேட்டர் வேலை. அதையும் முடித்துத் திரும்பும்போது, வீடுகள் ஓய்ந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் அந்தத் தேவாலயம் இருந்தது. தீக்கல் பதித்த சுவர், பலகைக் கோபுரம், சரிந்துபோன கல்லறைகள், பின்புறம் வயிறு பெருத்த ஒரு யூ மரம். கதவு பூட்டியிருந்தது. அண்ணைக்கு அதனால் ஒன்றுமில்லை, சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

முதல் சுற்று முடியும்போது நாயோடு ஒரு வயதான பெண்மணி வந்தார். இரண்டாவது சுற்றில் அண்ணையை மறித்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். அந்த ஊரில் அதற்கு 'நீ யார்' என்று பொருள். அண்ணை புன்னகைத்து, கைகூப்பி, விலகி நடந்தார். அவர் திரும்பவும் கேட்டார். அண்ணை கூரையைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் நிலைமையைக் காப்பாற்றப் பார்த்தேன். "அவர் சும்மா சுற்றுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். "மூன்று தடவை சுற்ற வேண்டும்" என்றேன். இதைவிடக் கேவலமாக ஒருவரால் விளக்கியிருக்க முடியாது. அந்தப் பெண்மணி வெள்ளை வானைப் பார்த்தார், அதன் மேல் கட்டியிருந்த ஏணியைப் பார்த்தார், அண்ணையின் வெறுங்காலையும் பார்த்தார். பிறகு வானின் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, காதில் போனோடு கேற்றடிக்குப் போய்விட்டார். நான் அண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, வாங்கோ போவம். அவ பொலிசுக்கு அடிக்கிறா."

அவருக்குக் கேட்டது. முதுகு விறைத்தது. ஆனாலும் நிற்கவில்லை, மூன்றாவது சுற்றைத் தொடங்கிவிட்டார். அவசரமாக நடந்தால் கள்ளன் என்று நினைப்பார்கள் என்று பயந்தாரோ என்னவோ, முன்னிலும் மெதுவாக நடந்தார். பொலிசார் பக்கத்து வீதியில் ரோந்தில் இருந்திருக்க வேண்டும், உடனேயே வந்துவிட்டார்கள். ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும். யூ மரத்தடியில் அவரை நிறுத்தினார்கள்.

பெயர் கேட்டார்கள். அண்ணை என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் கேட்டபோது அந்தப் பெண் பொலிசின் குரல் மாறியிருந்தது. அண்ணை பெயரைச் சொன்னார். சுற்றின் நடுவில் அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சப்பாத்து எங்கே என்று இளைஞன் கேட்டான். கூரையில் ஏறுகிறவன்தான் சப்பாத்தைக் கழற்றுவான் என்பது அவன் கணக்கு. வானைத் திறக்கச் சொன்னார்கள். சாக்கை விரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. தேவாலயக் கூரைகளிலிருந்து ஈயத்தகடு களவு போகும் நாட்டில், தேவாலய வாசலில், வான் நிறைய ஈயத்தோடு நிற்கிறோம்.

"ஹவுஸ்... ஓல்ட் ஹவுஸ்... கஸ்ரமர்" என்றார் அண்ணை. இத்தனை காலம் பேசிய ஆங்கிலம் அவரைக் கைவிட்டுவிட்டது. துசியந்திக்குப் போன் எடுத்தோம். அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தோம், அதே கதைதான். பெண் பொலிஸ் ரேடியோவில் அண்ணையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி," அண்ணை என் பக்கம் குனிந்தார். "உது ஹோம் ஒபிசுக்குப் போகுமோ? கேட்டுச் சொல்லு."

எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. அவருடைய கால் விரல்கள் சரளைக் கல்லில் நீலம் பாரித்திருந்தன.

அப்போது போன் அடித்தது. அண்ணையின் விரல் தவறிப் பட்டு ஸ்பீக்கரில் விழ, துசியந்தியின் குரல் கல்லறைகள் வரை கேட்டது. "சொறி அண்ணை, ஷவரில நிண்டனான். தண்ணி சும்மா பிச்சுக்கொண்டு வருது!" பெண் பொலிஸ் போனை வாங்கினார். துசியந்தி அட்சரம் பிசகாத லண்டன் ஆங்கிலத்தில், யாருடைய வீடு, யாருடைய குழாய் என்று வெளுத்து வாங்கினார். இதற்கிடையில் இளைஞனும் நாய்க்காரப் பெண்மணியும் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். கூரைத் தகடு அப்படியே இருந்தது. வானுக்குள் எட்டிப் பார்த்த அந்தப் பெண்மணி, "இவை வெறும் குழாய்கள்" என்று மெல்லச் சொன்னார்.

போகலாம் என்றார்கள். அப்போதுதான் எனக்கு நாக்கு எழுந்தது. இது குடியுரிமைக்காரருக்குப் போகுமா என்று கேட்டேன். பதிவு இருக்கும், மற்றது எனக்குத் தெரியாது என்றார் பெண் பொலிஸ். பொய் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நாய்க்காரப் பெண்மணியின் முகம் வெளுத்தது. போன வருடம் தகட்டை உரித்துக்கொண்டு போனார்கள், மழை உள்ளே இறங்கிச் சுவரோவியம் ஊறிவிட்டது, அதனால்தான் பயந்தேன் என்றார். தேவாலயக் கதவின் திறப்பு தன்னிடம் இருக்கிறது, உள்ளே வந்து பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

அண்ணை உள்ளே போகவில்லை. நான் வானின் கதவைத் திறந்து பிடித்தேன்.

"ஏறுங்கோ அண்ணை. ஜெயகௌரி அக்கா பாத்துக்கொண்டிருப்பா."

"பொறு, தம்பி. அரைச் சுத்தில விட்டிட்டுப் போகேலாது."

யூ மரத்தடிக்கு, தன்னை நிறுத்திய அதே இடத்துக்குத் திரும்பிப் போனார். பொலிஸ் கார் இன்னும் கேற்றடியில் நின்றது. அங்கிருந்து நடக்கத் தொடங்கினார். ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி, விரல்களை விரித்து, உள்ளங்கை காருக்குத் தெரியும்படி பிடித்தபடியே சுற்றி வந்தார்.