கற்பூரத்துக்கு நடந்த காகித எந்திரம்

என் புராஜெக்ட் ஒரு நடக்கும் எந்திரம். அதில் ஒரே ஒரு குறை, அது நடக்காது. பேட்டரி, ஒயர், சிப் ஒன்றும் கிடையாது. காகிதத்தோடு பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மடித்து, நாலு கால் வைத்திருந்தேன். சூடு பட்டால் கால் மடங்கும், ஆறினால் நிமிரும், அப்படியே நகரும் என்பது என் கணக்கு. ஹேர் டிரையரைக் காட்டினால் நாலும் ஒன்றாக மடங்கி, பஸ்ஸை விட்டவன் மாதிரி குந்திக்கொள்ளும். அடுத்த வாரம் இறுதித் தேர்வு. நடக்காவிட்டால் இன்னொரு செமஸ்டர் அழ வேண்டும்.

அந்தக் கடுப்போடுதான் ஆயுத பூஜைக்குத் திருத்தணி வந்தேன். நைனாவின் பைக், மிக்ஸி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, என் பையையும் திறந்து எந்திரத்தை எடுத்து முக்காலியில் வைத்துவிட்டாள்.

"காகிதம்மா அது, எரிஞ்சிடும்."

"எல்லாத்துக்கும் காட்டிக்கினு இத்த மட்டும் உட்டா கோச்சிக்கும்."

எந்திரம் சின்னது என்பதால் கற்பூரத் தட்டு அதை ஒட்டியே சுற்றி வந்தது. முன்னங்கால் மடங்கியது. தட்டு தாண்டியதும் அது நிமிர, அடுத்தது மடங்கியது. எந்திரம் நகர்ந்தது. நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, பக்தியில் இல்லை. நான் இத்தனை நாள் நாலு காலுக்கும் ஒரே நேரத்தில் உத்தரவு போட்டிருக்கிறேன். சூடு வரிசையாகப் போக வேண்டும், அந்த வரிசைதான் அதற்கு மூளை.

கற்பூரத்துக்குப் பதில் மெழுகுவர்த்தியைச் சுற்றிப் பார்த்தேன், அணைந்தது. வேறு வழியில்லாமல் அம்மாவின் தட்டோடு தேர்வுக்குப் போனேன். எந்திரம் ஒழுங்காக நடந்தது. தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த பேராசிரியர் முகம் மலரவில்லை.

"சூடு பட்டா எதுவும்தான் நெளியும். இதுல கண்ட்ரோல் எங்க இருக்கும்மா?"

நான் தட்டை இன்னொரு சுற்று சுற்றினேன். தட்டு தன் பக்கம் வந்ததும் அவர் தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் தீபத்தின் மேல் நீட்டினார். கை மறைத்ததில் காலுக்குப் போன சூடு தடைபட்டது. எந்திரம் நின்றுவிட்டது. அவர் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் மறுபடி நடந்தது.

அவர் எந்திரத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"இப்ப நீங்கதான் சார் கண்ட்ரோல் பண்ணீங்க," என்றேன்.

மார்க் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, திருநீறு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அம்மா காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தாள்.