வாலுக்குள்ளே இருபத்திரண்டு ரிவிட்

லவோன் ட்வெய்ட் ஒன்பது வருஷம் விமானம் கட்டினாள். ஊரில் கேட்டுப் பாருங்கள், அவள் புருஷன் வெர்லின் கட்டினான் என்பார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

அமெரிக்காவில், விஸ்கான்சினில் அவர்கள் இருந்த பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்கு ஒருவன் படகு வைத்திருப்பான், ஊருக்கு இரண்டு பேர் கார் ஷெட்டில் விமானம் கட்டிக்கொண்டிருப்பார்கள். பாகங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். இவர்கள் வீட்டிலும் வந்து இறங்கின. ஒரு கார் நிற்கிற ஷெட்டில் இறக்கைகள் சுவரில் தொங்கின, உடல்பகுதி குறுக்கே கிடந்தது, ஒன்பது குளிர்காலமும் கார் வெளியே பனியில் நின்றது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை முடிந்து வருகிறவள், கோட்டைக் கழற்றாமலே ஷெட்டுக்குப் போவாள்.

தகட்டோடு தகட்டை இணைக்கிற ரிவிட் ஆணி அடிப்பது ஒற்றை ஆள் வேலையல்ல. வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் அடிக்க, உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டியைப் பொருத்திப் பிடிக்க வேண்டும். உள்முனை நசுங்கிச் சட்டைப் பொத்தான்போல வட்டமாக நின்றால் சரி. வெர்லினுக்கு வயிறு பெரிது, அதனால் சுத்தியல் அவன் கையில். லவோன் ஒல்லி, அதனால் விமானத்தின் வாலுக்குள் குப்புறப் படுத்து இரும்பு பிடிப்பது அவள் பாடு. சாயங்காலம் முழுக்கப் பிடித்தால் விரல்கள் மரத்து, கரண்டி தூக்க முடியாது. அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. இரும்பால் தகட்டில் தட்டித்தான் சேதி சொல்ல வேண்டும். அவர்கள் கணக்கில் ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் இன்னும் அடி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, துளைத்து எடு.

ஐந்து வருஷத்துக்கு முன் ஓர் அக்டோபரில் வால் மூட்டு அடித்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு ரிவிட். இடம் இடுக்கு, இரும்பு நேராக உட்காரவில்லை, முதல் ரிவிட்டே பக்கவாட்டில் மடங்கியது. மூன்று தட்டினாள். வெர்லின் அடுத்ததற்குப் போனான். மறுபடி மூன்று தட்டினாள். ஒவ்வொன்றுக்கும் தட்டினாள், அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனான்.

வெளியே வந்ததும் கேட்டாள். "மூணு மூணா தட்டுனேனே, காதுல விழல?"

"மூணா? ஒண்ணுதான் கேட்டுச்சு. உனக்குத் தட்டவும் தெரியல, எண்ணவும் தெரியல."

"எல்லாம் வளைஞ்சு கெடக்கு வெர்ல்."

"அது பலமான இடம், விடு. மேல போனப்புறம் எவன் உள்ள எட்டிப் பாக்கப்போறான்?"

விட்டாள். அதன் மேல் தகடு மூடியாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

போன வருஷம் ஆகஸ்டில் வெர்லினுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. வந்தவர்களெல்லாம் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வேகவைத்த பாத்திரங்களைக் கொண்டுவந்தார்கள். அடியில் ஒட்டியிருந்த பெயரைப் படித்து, கழுவி, அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்தாள். எப்படி இருக்கிறாய் என்றால் நன்றாக இருக்கிறேன் என்றாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தூங்கினாள். விமானத்தை விற்றுவிட்டால் சக்கர நாற்காலி ஏற்றுகிற வேனை ஷெட்டுக்குள் நிறுத்தலாம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இந்த நவம்பரில், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, ட்ராய் என்பவன் விமானத்தை விலைக்குப் பார்க்க வந்தான். கூட அவன் மனைவி ஜெனல், ஏழு மாதக் கர்ப்பிணி. லவோன் வெர்லினைப் போர்வை சுற்றித் தள்ளிவந்து வால் பக்கம் நிறுத்தினாள்.

ட்ராய் டார்ச்சும் குச்சியில் கட்டின சின்னக் கண்ணாடியுமாக ஒரு மணிநேரம் துருவினான். வாலுக்குள் தலையை விட்டான், தோள் சிக்கிக்கொண்டது.

"என்னை வெண்ணெய் தடவித்தான் மேடம் உள்ள தள்ளணும்," என்று சிரித்தான். "உள்ள படுத்து இரும்பு புடிச்சது யாரு?"

"நான்தான்."

"வேலை சுத்தமா இருக்கு. நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

ஜெனல் அதற்குள் வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ட்ராய், பெல்ட்டு எட்டல பாரு! ரெண்டு பேருக்கு ஒரு பெல்ட்டு!" என்று வயிற்றைத் தட்டிச் சிரித்தாள்.

லவோன் அவளைப் பார்த்தாள். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

"ஒண்ணுமில்ல தம்பி," என்றாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

டக், டக், டக்.

வெர்லின் இடது கையை நீட்டி, கல்யாண மோதிரத்தால் வால் தகட்டில் தட்டினான். இருபத்திரண்டு ரிவிட்டும் இருந்த அதே இடம். நிறுத்தி, மறுபடி மூன்று தட்டினான்.

"ஐயா காபி கேக்குறாரோ?" என்றான் ட்ராய்.

லவோன் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். "அன்னிக்கு உனக்குக் கேட்டுச்சா?"

வெர்லின் தலையசைத்தான்.

"மூணுன்னு கேட்டுச்சா? இருபத்திரண்டு தடவையும்?"

மறுபடி அசைத்தான். நன்றாக இருந்த பாதி முகத்தில் கண்ணீர் ஓடியது.

"அடப்பாவி! எண்ணத் தெரியலன்னு சொன்னியே என்னை! அஞ்சு வருஷமா எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு நெனச்சேனே!" பதினைந்து மாதம் வராத கோபம் அத்தனையும் ஒரேயடியாக வந்தது. "அந்த வலது சீட்டு யாருக்கு வெர்ல்? எனக்குத்தானே? அதுல என்னைத்தானே உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறதா இருந்த?"

வலது இருக்கையைக் காட்டுவதற்காகத் திரும்பினாள். அங்கே ஜெனல் சிரிப்பை நிறுத்திவிட்டு, வயிற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். லவோன் கிட்டப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"எறங்கும்மா," என்றாள். "வால்ல இருபத்திரண்டு ரிவிட் வளைஞ்சு கெடக்கு. ஒண்ணுமில்லன்னு சொன்னேனே, அப்பவும் எனக்குத் தெரியும்."