இருக்கு சார்

அந்த கோல்ஃப் மைதானத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. "இங்கே பந்து தொலைவதில்லை" என்று தங்க நிறத்தில் எழுதியிருக்கும். மற்ற மைதானங்களில் ஆடுகிறவர்கள் புதரிலும் குட்டையிலும் பந்தைப் பறிகொடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இங்கே அந்தக் கவலை கிடையாது, கொண்டுவந்த பந்தோடு திரும்பிப் போகலாம். அதற்காக எத்தனை பேர் பல்லைத் தொலைத்தார்கள் என்பதையும் அந்தப் பலகையிலேயே எழுதியிருக்கலாம். இடம் நிறையத்தான் இருக்கிறது.

அப்படிப் பல்லைத் தொலைத்தவர்களில் ஒருவர் கழுகு. பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டாள். அவருடைய வேலை பந்து பார்ப்பது. ஆடுகிறவர் மட்டையை ஓங்குவதற்கு முன்பே, பந்து விழக்கூடிய இடத்துக்குப் போய் வெயிலில் நின்றுகொள்ள வேண்டும். பந்து விழுகிற இடத்தைக் கண் கொட்டாமல் பார்த்து, கையைத் தூக்கி, "இருக்கு சார்" என்று கத்த வேண்டும். சுடுகிறவனுக்கு எதிரே நின்றுகொண்டு குண்டு எங்கே போனது என்று சொல்கிற உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்து இடது காதைப் பதம் பார்த்ததில் அந்தப் பக்கம் அவருக்குப் பாதிதான் கேட்கும். இன்னொன்று முழங்கையில் பட்டு, அந்தக் கை இன்னும் முழுசாக நீளுவதில்லை.

பந்து பட்டு வந்த காயத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பந்து கிடைக்காவிட்டால் விழுகிற அடிதான் கொடுமை. சேர்ந்த புதிதில் ஒரு வக்கீல் அவரைக் குட்டை ஓரத்தில் மண்டிபோட வைத்து உதைத்தார். அதற்கப்புறம் வந்து வாய்த்தவர் காண்ட்ராக்டர். ஊரில் பாதிக் கட்டடம் அவர் கட்டியது. "தொலைஞ்சு போச்சு சார்" என்கிற வார்த்தை காதில் விழுந்தால் போதும், "என் பந்தையாடா தொலைச்சே?" என்று கேட்டுக்கொண்டே அறைவார். கேள்வி முடிவதற்குள் அடி விழுந்திருக்கும். கழுகின் மேல்வரிசைப் பல் ரெண்டு போனது அப்படித்தான். மேனேஜரிடம் முறையிட்டால், "பலகையில போட்டிருக்கறதைப் படிச்சியா?" என்று கேட்பார்.

அதனால் பந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கால்சட்டைப் பைக்குள் ஒரு ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். யார் எந்தப் பந்து அடிக்கிறார், அதில் என்ன அடையாளம் வைக்கிறார் என்பது அவர்களுக்கு அத்துபடி. அதே மாதிரி பழைய பந்து ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வார்கள். அடித்த பந்து கண்ணில் படாமல் போனால், பைக்குள் பிடித்திருக்கிற பந்தை விட்டுக் காலை லேசாக உதறினால் ஆயிற்று. அது கால்சட்டைக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு போய்ப் புல்லில் உட்காரும். கை மேலே போகும், வாய் "இருக்கு சார்" என்று கத்தும். வருஷக்கணக்காகச் செய்து செய்து, கழுகு நினைப்பதற்கு முன்பே கை விட்டுவிடும், கால் உதறிவிடும்.

காண்ட்ராக்டர் தன் பந்தில் சிவப்பு மையால் ரெண்டு பொட்டு வைப்பார். கழுகின் வீட்டில் அந்தப் பொட்டை வைப்பது அவர் மனைவி. அடுப்பில் சோறு வேகிற நேரத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து, தீக்குச்சி முனையால் நகப்பூச்சைத் தொட்டுத் தொட்டு வைப்பாள். "என் நகத்துக்குன்னு ஆசையா வாங்கினது. கடைசியில உங்க காண்ட்ராக்டர் பந்துக்குத்தான் சிங்காரம்" என்பாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்கவும் செய்வாள்.

அவளுடைய தம்பிக்கும் அதே மைதானத்தில்தான் வேலை. புல் வெட்டுகிற வண்டியை ஓட்டுகிறவன். கழுகை மாமா என்று கூப்பிடுவான், அவருடைய வேலையைப் பற்றி வாய் ஓயாமல் கிண்டல் அடிப்பான். ஆனால் அக்கா புருஷன்மேல் ஒருத்தன் கை வைத்தால் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டான். ஒருநாள் கழுகின் பை காலியாக இருந்த நேரம் பார்த்துக் காண்ட்ராக்டரின் பந்து தொலைந்தது. காண்ட்ராக்டர் அறைந்ததோடு நிறுத்தாமல் மட்டையாலும் முதுகில் போட ஆரம்பித்தார். மச்சான் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து, அந்த மட்டையைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து மடக்கி அவர் காலடியில் போட்டான்.

"இன்னொரு தடவை எங்க மாமாமேல கை வெச்சீங்க, அடுத்து மடங்குறது மட்டையா இருக்காது சார்" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். அந்த வண்டியை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் மேனேஜர் சமாதானம் பேசி முடித்துவைத்தார். காண்ட்ராக்டரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்பைக் கழுகு நம்பவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் காண்ட்ராக்டர் மூன்று சிநேகிதர்களோடு ஆடிக்கொண்டிருந்தார். மச்சானின் வண்டி எதிரே, பந்து போகிற பாதையின் ஓரத்தில் நின்றது. சக்கரத்தில் சிக்கிய கம்பியை அவன் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். வண்டியை எடுக்கச் சொல்லிக் காண்ட்ராக்டர் கத்தினார். "ரெண்டு நிமிஷம் சார்" என்று அவன் நிமிராமலே சொன்னான். பந்து பார்க்க முன்னால் நின்ற கழுகு திரும்பிப் பார்த்தார். காண்ட்ராக்டர் குழி இருக்கிற திசையைப் பார்த்து நிற்கவில்லை. பாதத்தை மாற்றி வைத்து, நேராக வண்டியைப் பார்த்து நின்றார். "மாப்ளே, எந்திரி" என்று கழுகு கத்தினார். அவன் எழுந்து திரும்பிய நேரத்தில் பந்து அவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது.

அந்தச் சத்தம் கழுகின் நல்ல காதில் இன்னும் இருக்கிறது. மச்சான் வண்டிமேல் சாய்ந்து, வெட்டுகிற தகட்டுக்குப் பக்கத்தில் விழுந்தான். கண்ணிலும் மூக்கிலும் ரத்தம். தெறித்த பந்து எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. பந்து கண்ணுக்குத் தப்பியது, அவ்வளவுதான், கழுகின் கால் உதறியது, கை மேலே போனது, "இருக்கு சார்" என்று வாய் கத்தியது. சொந்த மச்சான் துடித்துக்கொண்டு கிடக்கிறான், இந்த மனுஷன் இருக்கு சார் என்று கத்துகிறார். கேட்பதற்கே நாராசமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். அப்புறம்தான் அவருக்கு உயிர் வந்து ஓடினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், அவர் மடியிலேயே அவன் அடங்கிப்போனான்.

போலீஸ் வந்தபோது காண்ட்ராக்டர் கையை நீட்டிக் காட்டினார். "என் பந்து அதோ கிடக்கு. அடையாளத்தைப் பாருங்க. வண்டியில கல்லு மாட்டித் தெறிச்சிருக்கும், பாவம்." வண்டிக்கு வெகுதூரத்தில், பச்சைப் புல்லில், ரெண்டு சிவப்புப் பொட்டோடு பந்து இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். சிநேகிதர்கள் மூன்று பேரும் கல்தான் என்றார்கள். இன்ஸ்பெக்டர் அந்தப் பந்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார்.

அடக்கம் முடிந்ததும் கழுகு மைதானத்துக்கு ஓடினார். நிஜப் பந்தை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தார். புதரைக் கிழித்தார், சாக்கடையில் இறங்கித் துழாவினார், கை முழுக்க முள். கிடைக்கவில்லை. பந்துக்குப் பதில் கிடைத்தவர்கள் அவரோடு பந்து பார்க்கிற ஆட்கள். அவரை மட்டை வைக்கிற கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பை விஷயத்தை வெளியே சொன்னே, நாங்க எல்லாரும் தெருவுலதான். இத்தனை வருஷம் ஏமாத்தினதுக்கு ஒவ்வொருத்தனும் எங்க தோலை உரிப்பான். நாளைக்கு ஸ்டேஷன்ல பந்து புல்லுல விழுந்ததைப் பார்த்தேன்னு கையெழுத்தைப் போட்டுட்டு வா" என்றார் மூத்தவர். சொன்னது மனதில் நிற்கட்டும் என்று விலாவில் மிதித்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட ஆட்கள்தான். ஒருவன் அழுதுகொண்டே மிதித்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

"புல்லுல கிடந்தது அவன் அடிச்ச பந்து இல்ல. நான் போட்டது. நீ பொட்டு வெச்சியே, அது."

கல்யாணமான நாளிலிருந்து "நீங்க" என்று சொன்னவள், "எந்தக் காலுடா?" என்றாள். அவர் வலது காலை நீட்டினார். மூலையில் கிடந்த துணி துவைக்கிற கட்டையை எடுத்து அந்தக் காலில் போட்டாள். முட்டியில், ஆடுசதையில், கணுக்காலில், கை ஓய்கிற வரைக்கும் போட்டாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் கட்டையைப் போட்டுவிட்டுத் தன் விரலைப் பார்த்தாள். நகப்பூச்சு ஓரமெல்லாம் ஒட்டியிருந்தது. அதைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து, விரலில் ரத்தம் வந்தபின்தான் அழுதாள்.

"என் தம்பி கல்லு பட்டுச் சாகல. நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள்.

ஸ்டேஷனில் காண்ட்ராக்டர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்றார். கழுகு கையெழுத்துப் போட்டால் அது விபத்து. போடாவிட்டால் கொலை. நொண்டிக்கொண்டு வந்தவரிடம் இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார். கழுகின் மனைவி நடுவில் புகுந்து, ஒரு வெள்ளைப் பந்தை மேஜையில் வைத்து, தீக்குச்சியால் நகப்பூச்சைத் தொட்டு ரெண்டு பொட்டு வைத்தாள்.

"இதையும் உங்ககிட்ட இருக்கறதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க சார். ரெண்டுமே நான் வெச்ச பொட்டு."

காண்ட்ராக்டர் சிரித்தார். "தம்பி போன துக்கம். பொம்பளை ஏதோ உளறுது."

இன்ஸ்பெக்டருக்கும் பாதிதான் புரிந்தது. "அப்ப புல்லுல கிடந்த பந்து எங்கேருந்து வந்ததுய்யா?" என்று கழுகைக் கேட்டார்.

கழுகு அந்தப் பந்தை எடுத்துப் பைக்குள் போட்டார். வீங்கிய காலை உதறினார். பந்து கால்சட்டை வழியாக இறங்கி, ஸ்டேஷன் தரையில் உருண்டு, இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் முட்டி நின்றது. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி. அவர் அடிச்ச பந்து என்னாச்சு?"

கழுகு காண்ட்ராக்டரைப் பார்த்துத் திரும்பினார். மைதானத்தில் நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டார்.

"தொலைஞ்சு போச்சு சார்" என்றார்.

காண்ட்ராக்டரின் காப்பி டம்ளர் கீழே விழுந்தது. "என் பந்தையாடா தொலைச்சே?" என்று கேட்டுக்கொண்டே அறைந்தார். வழக்கம்போலக் கேள்வி முடிவதற்குள் அடி விழுந்தது. கழுகு பெஞ்சில் மோதிக் கீழே சரிந்தார், வாயிலிருந்து ரத்தத்தோடு இன்னொரு பல்லும் வந்து விழுந்தது. காண்ட்ராக்டர் மறுபடியும் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது.

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் பிடித்தார். "உங்க பந்து இதுதான்னு சொன்னீங்களே சார். இப்ப எந்தப் பந்தைத் தொலைச்சான்னு இவனை அடிக்கறீங்க?"

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். மனைவி கீழே உட்கார்ந்து கழுகின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எத்தனையோ அடி வாங்கின மனுஷன் அவர். அடி வாங்கிவிட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.