காதுக்கு மேலே பட்ட அடி

பல்லடத்திலிருந்து தொலைபேசி வந்தபோது நான் யாருடைய ஸ்கேன் படத்தையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தெய்வானை சிஸ்டர் எறந்துட்டாங்க சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வார வழியிலயே..." என்றது ஒரு குரல். எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்களும் அவர் வீட்டாரும் படிக்க வேண்டும்.

கோவையில் எங்கள் தலைக்காய வார்டில் அவர் பல வருடங்கள் நர்ஸ், நான் மருத்துவன். ஒருமுறை பொள்ளாச்சிப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்த ஒருவரை, "நல்லாப் பேசறாருங்க, காப்பிகூடக் கேட்டு வாங்கிக் குடிச்சாரு" என்று வீட்டார் அழைத்துப்போகக் கிளம்பிவிட்டார்கள். சிஸ்டர் வாசலை மறித்து நின்றுகொண்டார். "ஏனுங்க, தேங்காய்ல ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவுல தோலு இருக்குதுங்களா? மூளைக்கும் அப்படி உறை இருக்குதுங்க. காதுக்கு மேல எலும்பு மெல்லிசு. அங்க அடிபட்டா ரத்தக்குழாய் கிழிஞ்சு, எலும்புக்கும் உறைக்கும் நடுவுல ரத்தம் சேரும். அது மூளைய அமுக்கற வரைக்கும் நல்லாத்தான் பேசுவாங்க." அன்று மாலையே அந்த மனிதருக்குப் பேச்சு குழறியது. உடனே அறுவை செய்து, உறைந்து கிடந்த இரத்தத்தை எடுத்தோம். பிழைத்து, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். நான் மிரட்டியிருந்தால் அவர்கள் நின்றிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

பிழைத்தவர்களின் வீட்டாரையும் அவர் மறக்கமாட்டார். வால்பாறை எஸ்டேட்டில் வேலை செய்த ஒருவர், தலையில் அடிபட்டுத் தேறிய பிறகு மனைவியை வாய்க்கு வந்தபடி ஏசினார். முன்பு அதிர்ந்து பேசாத ஆள். அந்தப் பெண் அழுதபோது சிஸ்டர் சொன்னார்: "அவரு வையலீங்க அம்மணி. அடிபட்ட எடம் வையுது."

இனி, நான் சொல்லத் தயங்குகிற இடம்.

சிஸ்டரின் தம்பி மயில்சாமிக்குத் தாராபுரத்தில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர். மாப்பிள்ளை, உடன்பிறந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்கிற சீர். அன்று காலை வார்டுச் சாவியைக் கொடுத்துப்போக மொபெட்டில் வந்த சிஸ்டர், வழியில் லாரிக்கு ஒதுங்கி விழுந்திருந்தார். வலது காதுக்கு மேலே வீங்கியிருந்தது.

"மயக்கம் வந்துதா சிஸ்டர்?"

"ஒரு நிமிசம் கண்ணக் கட்டிருச்சுங்க சார். இப்ப ஒண்ணுமில்லீங்க."

சீட்டு எழுதி நீட்டினேன். "ஸ்கேன் எடுத்துட்டு, நாளைக்கு வரைக்கும் இங்கேயே இருங்க."

"இன்னைக்கு இணைச்சீருங்க சார். தம்பி காத்துட்டிருப்பான். கல்யாணம் முடிஞ்சதும் வந்து எடுத்துக்கறேனுங்க."

டார்ச் அடித்துக் கண்களைப் பார்த்தேன். இரண்டு கண்பாவைகளும் ஒன்றுபோலச் சுருங்கின. அது போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நானும் இந்த ஊர்க்காரன். என் கல்யாணத்தில் என் அக்காள் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா மகளைத் தம்பி உட்காரவைத்துக்கொள்ளட்டும் என்று நான் சொல்லவில்லை. "சரிங்க சிஸ்டர், போயிட்டு வாங்க" என்றேன். வேறு யாராக இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.

சீர் முடிந்ததும் தலை வலிக்கிறது என்று படுத்தாராம். குறட்டை விட்டதால் அலுப்பு என்று விட்டுவிட்டார்கள். விடியற்காலை முகூர்த்த அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை; தாலி கட்டிய பிறகு எழுப்பினால் எழவில்லை.

இழவு வீட்டுக்குப் போனேன். "ஊட்டுக்குள்ள கால வெக்கறதுக்குள்ள நாத்தனாள முழுங்கிப்போட்டா" என்று ஒரு பெண் புதுப்பெண்ணின் காதுபடவே சொன்னாள். மஞ்சள் காயாத தாலியோடு அந்தப் புதுப்பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மயில்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டான். "குளிப்பாட்டறப்பத்தானுங்க சார் வீக்கத்தப் பாத்தாங்க. அக்கா யாருகிட்டயுமே சொல்லலீங்க. உங்களுக்காவது தெரியுங்களா?"

"தெரியாதுப்பா" என்றேன்.

மயில்சாமி, எனக்குத் தெரியும். உன் மனைவி உன் வீட்டுப் படியேறுவதற்கு முந்தின நாளே அந்த ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. அதில் அவளுக்கு ஒரு பங்கும் இல்லை. உனக்கும் இல்லை. உன் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அன்று நான் எழுதிக் கொடுக்க, அவர் என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போன ஸ்கேன் சீட்டு ஒன்றுதான். அதில் அவர் பெயரும் அன்றைய தேதியும் இருக்கின்றன. 'தலையில் அடி, சிறிது நேரம் மயக்கம்' என்று இருக்கிறது. அதையும் உனக்கே தருகிறேன். உன் மனைவியைக் குறை சொல்ல வருகிறவர்களிடம் அதைக் காட்டு. கீழே இருப்பது என் கையெழுத்து.